ஆட்டுத்தலை யாருக்கு

சுரங்கப்பாதையில் எனக்கு இரவு வேலை. லாரிப் புகை கட்டினால் காற்றாடியைப் போட வேண்டும், பனி சரிந்தால் தடுப்பை இறக்க வேண்டும். தலைநகர் பிஷ்கெக்கில் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு இதுவே அதிகம். விடிந்ததும் மலையை விட்டு இறங்குவேன். வாயெல்லாம் டீசல் ருசி. அதைக் கழுவ இந்தச் சூசமிர் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்த ஒரே வழி புருல்ச்சாவின் குமிஸ், புளிக்கவைத்த குதிரைப் பால்.

சாலையோரம் வரிசையாகக் கம்பளிக் கூடாரங்கள். எல்லாரும் குமிஸ்தான் விற்கிறார்கள். ஆனால் ஓஷ் போகிற லாரிக்காரர்கள் புருல்ச்சாவின் கூடாரத்துக்கு முன்னால்தான் பிரேக் போடுவார்கள். காரணம் அவளுடைய தோல்பை. வெள்ளாட்டுத் தோலை மயிர் நீக்கி, தபில்கிப் புதர்க் கட்டையின் புகையில் நாள்கணக்காகத் தொங்கவிட்டு, செம்மறியின் வால்கொழுப்புத் தேய்த்துப் பதப்படுத்திய பை. கூடாரத்துக்குள் தொங்கும்போது கறுத்த கிழட்டு ஆடொன்று நின்றபடி தூங்குகிற மாதிரி இருக்கும். கறந்த குதிரைப் பாலை அதில் ஊற்றி, நீளத் துடுப்பால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் குமிஸ் வெறும் புளித்த தண்ணீர். அடிப்பது அவள் கணவன் கச்கின். ஓய்ந்தால் திட்டுவது புருல்ச்சா.

அன்று காலை நான் போனபோது இருவரும் குதிரைகளிடம் நின்றார்கள். ஜூன் மாதம், புல் முழங்காலுக்கு வந்திருந்தது. குட்டிகளை நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். குட்டி முட்டினால்தான் தாய் பால் இறக்கும். கச்கின் ஒரு குட்டியை முட்டவிட்டு, இழுத்துப் பிடித்துக்கொண்டான். புருல்ச்சா ஒரு காலை மண்டியிட்டு, மறு தொடையில் வாளியை நிறுத்திக் கறந்தாள். கறந்துகொண்டே திட்டினாள்.

"எஃகுத் தொட்டி வேணுமாம். அதைக் குளிர வைக்க எந்திரம் வேணுமாம். எந்திரத்துக்குக் கரண்ட் வேணும். கரண்டுக் கம்பி எங்க இருக்கு? உன் மீசையில சொருகட்டுமா?"

"என்மேல ஏன் பாயுற? நானா எழுதினேன்?"

"நீ எழுதியிருந்தா நிம்மதியாத் தூங்குவேனே. உன் கையெழுத்தை எவனாலயும் படிக்க முடியாது."

முந்தின நாள்தான் பள்ளத்தாக்கு மக்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. உணவுப் பாதுகாப்பு முகமை புது விதி ஒன்றை வரைந்திருக்கிறது. சாலையோரத்தில் தோல்பையிலிருந்து குமிஸ் விற்கக் கூடாது. எஃகுத் தொட்டி, குளிர்சாதனம், மூடிய பாட்டில். வரைவுதான், இன்னும் கையெழுத்தாகவில்லை. ஆகிவிட்டால் இந்தக் கோடையோடு கதை முடிந்தது. பாட்டில் குமிஸ் வாங்க எந்த லாரிக்காரனும் மலையில் பிரேக் போடமாட்டான். குமிஸ் போனால் குதிரைகளை விற்க வேண்டும். குதிரைகள் போனால் கச்கின் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போக வேண்டும். ஒருமுறை போய் முதுகைக் கெடுத்துக்கொண்டு வந்தவன் அவன். இது எங்கள் மூவருக்கும் தெரியும். 

"தஷ்தான்பெக் பைகேக்குப் போன் பண்ணிட்டேன்," என்றான் கச்கின்.

தஷ்தான்பெக் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். பைகே என்றால் எங்கள் பேச்சில் அண்ணன், எஜே என்றால் அக்கா. தேர்தல் நேரத்தில் கச்கின் அவருக்காகக் குதிரையேறிக் கூடாரம் கூடாரமாக அலைந்தவன். இருவரும் கை குலுக்குகிற படம் ஒன்று கூடாரத்துக்குள் தொங்குகிறது. அதில் அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன சொன்னாரு?"

"'யாரு?'ன்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"'எந்தக் கச்கின்?'ன்னு கேட்டாரு."

"நல்லாத்தான் ஞாபகம் வச்சிருக்காரு."

"அப்புறம் ஞாபகம் வந்திருச்சு! ஞாயித்துக்கிழமை நேர்லயே வர்றாராம். முகமைக்கும் சொல்லி, விதியை எழுதின ஆளை இங்கயே வரவைக்கிறாராம். மூஞ்சிக்கு மூஞ்சி பேசித் தீர்த்துருவோம்னாரு."

புருல்ச்சா கறப்பதை நிறுத்தினாள்.

"ரெண்டு பேரும் ஒரே நாள்லயா? ஆடு ஒண்ணு அடிப்போம். தலை ஒண்ணுதானே இருக்கும்?"

கச்கின் அதை யோசித்திருக்கவில்லை. குட்டி அவன் பிடியிலிருந்து நழுவி மறுபடி மடிக்கு ஓடியது.

எங்கள் பக்கத்தில் விருந்து என்றால் ஒவ்வோர் எலும்புக்கும் ஓர் அந்தஸ்து உண்டு. இடுப்பெலும்பு ஒருவருக்கு, தொடை இன்னொருவருக்கு, தோள் அதற்கடுத்தவருக்கு. தலை, வந்தவர்களிலேயே பெரியவருக்கு. மாற்றி வைத்தால் எழுந்து போய்விடுவார்கள். போகாதவர்கள் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்கள். ஒரு தோள் எலும்பால் ஒரு சம்பந்தமே முறிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து நேராக அங்கே போனேன். கச்கின் ஆட்டை அறுத்து முடித்திருந்தான். தலையைப் பொசுக்குவது என் பொறுப்பு. ஊதுவிளக்கின் சுடரை மூக்கிலிருந்து காதுவரை நிதானமாகக் கொண்டுபோக வேண்டும். அவசரப்பட்டால் தோல் வெடித்துவிடும். கரிந்த மயிரைக் கத்தியால் சுரண்டி, வெந்நீர் ஊற்றித் தேய்த்தால் தலை பொன்னிறமாக வரும். நான் அதன் பல்லைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது பேச்சு ஆரம்பித்தது.

"தலை தஷ்தான்பெக் பைகேக்கு. இதுல பேசவே ஒண்ணுமில்ல," என்றான் கச்கின். "வயசுல மூத்தவரு. நாம ஓட்டுப் போட்டு அனுப்பின மனுசன்."

"ஓட்டும் போட்டு, தலையும் குடுக்கணுமா?"

"ஏ புருல்!"

"கத்தாத, மாவு பொங்குது." அவள் எண்ணெயில் போர்சோக் மாவுத் துண்டுகளைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தாள். "விதியை எழுதுறது யாரு? முகமை. கையெழுத்துப் போடுறது? முகமை. உன் பைகே என்ன பண்ணுவாரு? வருவாரு, குதிரைமேல கை வச்சுப் படம் எடுப்பாரு, போவாரு."

"அவரு ஒரு போன் போட்டா அவங்க நடுங்குவாங்க, தெரியுமா?"

"நம்ம ஆத்துப் பாலத்தைச் சரிபண்ணவும்தான் போன் போட்டாரே. இன்னைக்கும் நடுங்கிக்கிட்டிருக்கிறது பாலம்தான்."

"முகமையில இருந்து வர்றவன் நேத்து மீசை முளைச்ச பயலா இருந்தா? அவன் முன்னால தலையை வச்சா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பேனா அந்தப் பயல் கையிலதானே இருக்கு." அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ படிச்சவன். நீ சொல்லு."

"பாதிதான் படிச்சேன்."

"அந்தப் பாதியைச் சொல்லு."

"அந்தப் பாதியில ஆட்டுத்தலை வரல எஜே."

எலும்பு பரிமாறுவது கூட்டத்தில் இளையவன் வேலை. அன்று இளையவன் நான். ஆகவே இந்தச் சண்டை கடைசியில் யார் தலையில் வந்து விழும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

முதலில் வந்தது தஷ்தான்பெக்கின் கறுப்பு ஜீப். உயரமான வெள்ளைத் தொப்பி, அதற்குக் கீழே அகலமான முகம், அதற்கும் கீழே மரியாதைக்குரிய வயிறு. இறங்கியதும் ஒரு குதிரையின் கழுத்தில் கை வைத்தார். ஓட்டுநர் படம் எடுத்தார். புருல்ச்சா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

பின்னாலேயே தூசி படிந்த சின்னக் கார். அதை ஓட்டி வந்தது ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் மாதிரி எடுக்கிற பெட்டி. "சல்தனத். முகமை," என்று மட்டும் சொன்னாள். கச்கினின் முகத்தில் நிம்மதி பரவியது. பெண், அதுவும் சின்னவள். தலைப் பிரச்சினை தானாகத் தீர்ந்தது என்று அவன் நினைத்தது எனக்குக் கேட்கவே செய்தது. புருல்ச்சாவின் முகத்தில் எதுவும் தீரவில்லை.

சல்தனத் நேராகத் தோல்பையிடம் போனாள். முகர்ந்தாள். தட்டிப் பார்த்தாள்.

"என்ன கட்டையில புகை போடுறீங்க எஜே?"

"தபில்கி."

"அர்ச்சா போட மாட்டீங்களா?"

"அர்ச்சா கசக்கும். வாசனைக்கு ஆசைப்பட்டு நாக்கைக் கெடுத்துக்குவாங்க சில பேரு."

"எங்க வீட்லயும் இதே பேச்சுதான். நான் தலாஸ் பக்கம்." சின்னப் புட்டியில் மாதிரி எடுத்தாள். பிறகு ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தாள். உதட்டைத் துடைத்துவிட்டு மறுபடி கிண்ணத்தை நீட்டினாள். "இது சோதனைக்கு இல்ல. எனக்கு."

கச்கின் இன்னொரு கிண்ணத்தைத் தஷ்தான்பெக்கிடம் நீட்டினான். அவர் சட்டென்று கையை மார்பில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு டீ போதும்ப்பா. டாக்டரு வேண்டாம்னுட்டாரு."

குமிஸைக் காப்பாற்ற வந்தவர் குமிஸ் குடிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். ஓட்டுநர் அப்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் கவனித்தேன்.

கூடாரத்துக்குள் உட்கார்ந்ததும் தஷ்தான்பெக் ஆரம்பித்தார். "கவலையே படாதீங்க. நான் இருக்கேன். இந்த முகமைக்காரங்க நாலு சுவத்துக்குள்ள உக்காந்து எழுதுறாங்க. குதிரை எந்தப் பக்கம் தின்னுது, எந்தப் பக்கம் உதைக்குதுன்னு தெரியாது. யாரு இவங்களை இப்படியெல்லாம் எழுதச் சொல்றான்னுதான் எனக்குப் புரியல!"

சல்தனத் ஒரு போர்சோக்கைப் பாலாடையில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். 

கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். சூப் வந்தது. பிறகு கறித் தட்டை எடுக்க வெளியே அடுப்படிக்குப் போனேன். கச்கின் என் பின்னாலேயே வந்து காதில் சொன்னான். "தலை பைகேக்கு. இடுப்பெலும்பு அந்தப் பொண்ணுக்கு. புரியுதா?" அவன் உள்ளே போனதும் அண்டாவுக்குப் பின்னாலிருந்து புருல்ச்சா கரண்டியால் என் முழங்கையைத் தட்டினாள். "தலை அந்தப் பொண்ணுக்கு."

தினமும் காலையில் எனக்குக் கிண்ணத்தில் ஊற்றுவது கச்கின் இல்லை. தலையைக் கொண்டுபோய் சல்தனத்தின் முன்னால் வைத்தேன். இடுப்பெலும்பை தஷ்தான்பெக்கிடம் வைத்தேன்.

ஓட்டுநர் மெல்லுவதை நிறுத்தினார். கச்கின் கண்ணை மூடிக்கொண்டான். தஷ்தான்பெக்கின் காதுகள் சிவந்தன. அவர் இடுப்பெலும்பை ஒருமுறை பார்த்தார், தலையை ஒருமுறை பார்த்தார்.

"என்ன கச்கின், இந்தப் பக்கம் வழக்கமெல்லாம் மாறிப்போச்சா?"

"இவன் ராத்திரி வேலைக்காரன் பைகே. பகல்ல கண்ணு சரியாத் தெரியாது."

"எனக்கு நல்லாத் தெரியும்," என்றேன்.

புருல்ச்சா வாசலில் வந்து நின்றாள். "நான்தான் வைக்கச் சொன்னேன் பைகே. கோவிச்சுக்காதீங்க. விதி யாருதோ தலை அவங்களுக்கு. விதி இவங்களோடது. இவங்க மனசு வச்சாத்தான் என் பை இங்க தொங்கும்."

சல்தனத் தலையைத் தொடவில்லை. அதன் கண்களைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்து ஒரு காதை மட்டும் அடியோடு அறுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். இரண்டு கைகளாலும் தலைத் தட்டைப் பிடித்து, ஆட்டின் மூக்கு தஷ்தான்பெக்கைப் பார்க்கும்படி திருப்பி, அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எஜே சொன்ன நியாயம் சரிதான். விதி யாருதோ தலை அவங்களுக்கு. அதனாலதான் குடுக்குறேன். எனக்குக் காது போதும். எங்க வேலை கேக்குறது."

"என்னம்மா சொல்றே?"

"விதி உங்களோடது பைகே. நான் எழுதினேன், அவ்வளவுதான்."

"நானா? நான் எப்ப?"

"போன இலையுதிர் காலத்துல. பட்ஜெட் கமிட்டியில எங்க தலைவர் பணம் கேட்டு நின்னுக்கிட்டிருந்தாரு. நீங்க மேசையைத் தட்டினீங்க. 'செத்த ஆட்டுத்தோல்ல ஊத்தி ரோட்டோரத்துல என்னத்தையோ விக்கிறான், உங்க முகமை தூங்குதா?'ன்னு கேட்டீங்க. நான் பின்வரிசையில இருந்தேன். வெளிய வந்ததும் தலைவர் என்னைக் கூப்பிட்டு, வசந்தத்துக்குள்ள ஒரு விதி வேணும்னாரு. எதுக்குன்னு கேட்டேன். 'தஷ்தான்பெக் கேட்டுட்டாரு, அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னால காட்டணும்'னாரு."

 வெளியே ஒரு குட்டி கனைத்தது. அப்போது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஓட்டுநர்.

"பைகே, அது அந்த முலாம்பழ நாளு."

"நீ சாப்பிடு," என்றார் தஷ்தான்பெக்.

ஆனால் ஓட்டுநர் மாதக்கணக்காக அடக்கி வைத்திருந்தவர். "தொக்தோகுல் கடைத்தெருவுல ஒரு முழு முலாம்பழம். அப்புறம் தர்பூசணி பாதி. மேல ஏறி வந்து, தாகம்னு, நான் வாங்கிட்டு வர, ஜீப்புல உக்காந்தே மூணு கிண்ணம் குமிஸ். வேணாம் பைகேன்னேன். கேக்கல. மறுநாள் கமிட்டி. ராத்திரி முழுக்க ஒவ்வொரு வளைவுலயும் நிறுத்தி நிறுத்தி…"

எனக்கும் நினைவு வந்தது. சுரங்க வாசலில் என் அறைக்குப் பின்னால் ஒரு கழிப்பறை உண்டு. போன வருஷம் ஒரு கறுப்பு ஜீப்பால் அதன் வாசலில் வரிசையே நின்றது. உள்ளே போனவர் தொப்பியை மூக்குவரை இறக்கியிருந்தார். நல்ல வெள்ளைத் தொப்பி.

"முலாம்பழத்து மேல குமிஸா!" கச்கின் மரியாதையை மறந்து துள்ளி எழுந்தான். "எங்க குட்டிகூட அதைச் செய்யாதே பைகே!"

"எந்தக் கூடாரத்துல குடிச்சீங்க?" என்றாள் புருல்ச்சா.

"அதெல்லாம் ஞாபகமில்ல."

ஓட்டுநர் முகவாயால் தோல்பையைக் காட்டினார்.

புருல்ச்சா கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். "என் வீட்டுக் குமிஸ் மேலயா பழியைப் போட்டீங்க? பழக்கடைக்காரனை விட்டுட்டு?"

தஷ்தான்பெக் ஆட்டுத்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடும் அவரைப் பார்த்தது. முதலில் அவருடைய வயிறு குலுங்கியது, பிறகு தோள், கடைசியில் சத்தம் வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஒரு வயித்துப்போக்கு சட்டமாயிருச்சேடா!"

"வரைவுதான்," என்றாள் சல்தனத். "இன்னும் சட்டமாகல."

"அப்ப நிறுத்திரு. நான்தானே சொல்றேன்."

"நீங்க சொன்னா நிறுத்தக் கூடாது பைகே. இன்னைக்கு உங்க போனுக்கு ஒண்ணை நிறுத்தினா, நாளைக்கு வேற ஒருத்தர் போனுக்கு ஒண்ணை எழுதணும். எஃகுத் தொட்டி விக்கிறவனுக்கும் தெரிஞ்ச உறுப்பினர் இருப்பாரு."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"கேட்டுத்தானே ஆரம்பிச்சீங்க? மறுபடி கேளுங்க. அதே கமிட்டியில, எல்லார் முன்னாலயும். குமிஸ் குடிச்சு எத்தனை பேரு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, பையைச் சோதனை பண்ணீங்களா, என்ன கண்டீங்கன்னு கேளுங்க. நான் பனி உருகினதுல இருந்து ஒவ்வொரு பள்ளத்தாக்கா மாதிரி எடுத்துக்கிட்டிருக்கேன். பதில் என்கிட்ட இருக்கு. கேக்கத்தான் ஆளில்ல."

"நான் போன தடவை கேட்டது தப்புன்னு அங்க போய் ஒத்துக்கணுமா?"

"அதெல்லாம் வேணாம். சத்தமாக் கேட்டாப் போதும். அது உங்களுக்கு வரும்."

அவர் தாடியைத் தடவினார். போட்டியாளர்கள் சிரிப்பார்களா, செய்தியில் எப்படி வரும் என்று கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. புருல்ச்சா அவர் கையில் கத்தியைத் திணித்தாள்.

"கறி ஆறுது பைகே. தலையைச் சாப்பிட்டவர் வாக்கு மாற மாட்டாரு."

"இன்னும் சாப்பிடலையே."

"அதான் சாப்பிடுங்கன்னு சொல்றேன்."

அவர் கன்னத்துக் கறியை வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். கச்கின் அப்போதுதான் மூச்சு விட்டான்.

கமிட்டி கூடிய அன்று யாரும் குதிரை கறக்கவில்லை. நேரடி ஒளிபரப்பைப் பார்க்கக் கூடாரங்களுக்குப் பின்னால் இருக்கிற மேட்டுக்கு ஏற வேண்டும். பள்ளத்தாக்கில் படம் ஓடுகிற அளவுக்குச் சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். என் போனைச் சுற்றிக் குதிரையும் மனிதர்களுமாகக் கூட்டம். காற்றில் பாதி கேட்கவில்லை. தஷ்தான்பெக் மேசையைத் தட்டியது மட்டும் நன்றாகக் கேட்டது.

"ஒரு சோதனைகூடக் காட்டாம எங்க மக்கள் பையைப் பிடுங்குறீங்களே, உங்க முகமை தூங்குதா?"

அதே கேள்வி, அதே தட்டு. முகமைத் தலைவர் பின்வரிசையைப் பார்த்தார். சல்தனத் எழுந்தாள். அவள் வாயைத் திறக்கவும் படம் உறைந்துபோனது. கச்கின் என் போனைப் பிடுங்கி வானத்துக்குக் காட்டினான், குதிரைமேல் ஏறிக் காட்டினான். படம் வந்தபோது அவள் பேசி முடித்து உட்கார்ந்திருந்தாள். தஷ்தான்பெக் வெற்றி பெற்றவர் போல எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை நீதியின் வெற்றி என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். ஒரு வயிறு தொடங்கியதை ஒரு வாய் முடித்து வைத்தது. நடுவில் வேலை தெரிந்த ஒருத்தி இருந்தாள், அது எங்கள் அதிர்ஷ்டம். இன்னொரு பள்ளத்தாக்கில் இன்னொருவருக்கு வயிறு வலிக்கும்போது பின்வரிசையில் யார் இருப்பார்களோ.

திருத்திய விதி ஜூலையில் வந்தது. தோல்பை இருக்கலாம். குதிரைகளுக்குக் கால்நடை மருத்துவர் சான்று வேண்டும். பையின் வாய்க்கு மரமூடி வேண்டும். விற்கிறவர் தலையில் வெள்ளைத்துணி கட்ட வேண்டும். கச்கின் துடுப்பைத் தூக்கிக்கொண்டு கூடாரத்தைச் சுற்றி ஆடினான். மூன்றாவது சுற்றில் முதுகு பிடித்துக்கொண்டது. புருல்ச்சா வால்கொழுப்பைச் சூடாக்கி அவன் முதுகில் தேய்த்துவிட்டபடியே என்னிடம் கேட்டாள்.

"வெள்ளைத்துணியா? நாள் பூரா புகையில நிக்கிறவளுக்கு வெள்ளையா? எவன் எழுதினான் இதை?"

"சல்தனத்."

"பொம்பளையா இருந்துமா! அடுத்த தடவை அவளுக்குக் காதுகூடக் கிடையாது."

"மூடி?"

"மூடி எதுக்கு? என் பைக்குள்ள என்ன, பாம்பா இருக்கு?" மூடியைச் செய்து வாங்கினாள். ஒருநாளும் போடவில்லை. ஆணியில் தொங்கவிட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில், புல் மஞ்சளாகத் தொடங்கியபோது, கறுப்பு ஜீப் வந்து நின்றது. நான் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். தஷ்தான்பெக் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு இறங்கினார்.

"புருல்ச்சா! டாக்டரே அனுமதி குடுத்துட்டாரு. ஊத்து, நம்ம குமிஸை!"

புருல்ச்சா தலையில் சாம்பல் நிறமாகிவிட்ட வெள்ளைத்துணியோடு வெளியே வந்தாள். "எந்தப் பக்கத்துல இருந்து வர்றீங்க பைகே?"

"தொக்தோகுல். ஒரு திறப்பு விழா."

அவள் அவரைத் தாண்டி ஜீப்புக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள். மஞ்சள் முலாம்பழத் தோல் ஒன்றை இரண்டு விரலால் எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"அது நேத்துச் சாப்பிட்டது!" என்றார் நாடாளுமன்ற உறுப்பினர்.

"தம்பி, நேத்தா?" என்று அவள் ஓட்டுநரிடம் கேட்டாள். ஓட்டுநர் மலைகளைப் பார்த்தார்.

புருல்ச்சா கூடாரத்துக்குள் போனாள். ஆணியிலிருந்த மரமூடியை எடுத்துப் பையின் வாயில் வைத்து, உள்ளங்கையால் ஓங்கித் தட்டி இறுக்கினாள்.

"கச்கின்," என்றாள், "பைகேக்கு டீ."